வெயில் ஊரில் வீட்டுச் சாசேஜ்: பன்றிக் கொத்துக்கறியில் மசாலா சேர்த்துச் செய்யும் முறை

பன்றிக்கறி பெரட்டல் நன்றாக வைக்கத் தெரிந்தவர்கள்கூட, குடலில் கொத்துக்கறியை அடைத்துச் செய்யும் சாசேஜில் தடுமாறுவதுண்டு. காரணம், மசாலாவிலிருந்து தொடங்குவதுதான். பெரட்டலில் மசாலா சரியாக விழுந்தால் கறி எப்படியும் வழிக்கு வந்துவிடும். சாசேஜில் முதலில் பார்க்க வேண்டியது குளிர்ச்சி, அடுத்து கொழுப்பின் அளவு, அதற்கடுத்து உப்பு. இவை மூன்றும் அமைந்த பிறகுதான் மசாலாவுக்கே வேலை வரும்.

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணங்களில் காலை பத்து மணிக்கெல்லாம் சமையற்கட்டு முப்பது டிகிரியைத் தொட்டுவிடும். பன்றிக் கொழுப்பு அந்தச் சூட்டில் உருகத் தொடங்குகிறது. அதற்கு வெகு முன்பே குழைந்து பிசுபிசுத்துப் போகிறது. குளிர் நாட்டுக்காரர்கள் எழுதிய செய்முறையை வரி பிசகாமல் பின்பற்றியும் சாசேஜ் உதிர்ந்து போவது இதனால்தான். அவர்கள் சமையற்கட்டு தானாகவே தருகிற குளிர்ச்சியை நாம் ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

உள்ளே நடப்பதைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம். கறியில் உப்பு சேர்த்துப் பிசையும்போது தசையிலுள்ள மயோசின் என்ற புரதம் கரைந்து வெளியே வருகிறது. பசை போன்ற அந்தப் புரதம்தான் கறித் துணுக்குகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்து, தண்ணீரையும் கொழுப்பையும் நடுவில் பிடித்துக்கொள்கிறது. வெந்ததும் அது இறுகிவிடும். கடிக்கும்போது கிடைக்கும் அந்த இறுக்கம் அங்கிருந்து வருவதே. கொழுப்பு குழைந்து கறியின் மேல் பூசிக்கொண்டால் புரதம் புரதத்தோடு சேர முடியாது. அப்புறம் சட்டியில் எண்ணெய் தனியாக ஓடும், சாசேஜ் மணல் மாதிரி உதிரும்.

கறி வாங்குவது

பாசாரில் (சந்தையில்) பன்றிக்கறிப் பகுதி தனியாக இருக்கும். காலை ஏழு மணிக்குள் போய்விடுங்கள். அன்று விடியற்காலையில் வெட்டிய கறி கொக்கியில் தொங்கும். பத்து மணிக்கு மேல் அதே கறி பல மணி நேரச் சூட்டை வாங்கியிருக்கும். வீட்டிலிருந்தே ஐஸ் கட்டிகளோடு ஒரு குளிர்ப்பெட்டி கொண்டுபோவது நல்லது. மோட்டார் சைக்கிள் கூடையில் வெறும் பிளாஸ்டிக் பையில் கறியைத் தொங்கவிட்டு, மளிகைக் கடைக்கும் போய், சாலையில் நாலு பேரிடம் பேசி வந்தால், தொடங்கும் முன்பே பாதி தோற்றாயிற்று.

எந்தத் துண்டு என்பதில் குழப்பம் வேண்டாம். முன்தொடையும் தோளும் சேர்ந்த பகுதிதான் சாசேஜுக்கு ஏற்றது. அதில் இயல்பாகவே ஐந்தில் ஒரு பங்கு கொழுப்பு இருக்கும். பின்தொடை மிகவும் வறண்டது. ‘கொத்துக்கறி’ என்று மட்டும் கேட்டால் கடைக்காரர் பெரும்பாலும் பின்தொடையைத்தான் அரைத்துத் தருவார், ஏனென்றால் கொழுப்பில்லாத கறி கேட்டு வாங்குகிறவர்களே அதிகம். ஆகவே துண்டைக் காட்டி, தோலை நீக்கி, பெரிய துளைத் தட்டில் ஒரே ஒரு முறை அரைத்துத் தரச் சொல்லுங்கள். தோல் கலந்தால் வெந்த பிறகு ரப்பர் துணுக்குகளாகப் பல்லில் மாட்டும்.

மொத்தத்தில் கொழுப்பு 30 விழுக்காடு இருக்க வேண்டும். 25-க்குக் கீழே போனால் சாசேஜ் வறளும். ஒரு கிலோவுக்கு இரண்டு வழிகள்:

தோள் கறி 850 கிராம், முதுகுக் கொழுப்பு 150 கிராம்.

கொழுப்பில்லாத கொத்துக்கறி 750 கிராம், முதுகுக் கொழுப்பு 250 கிராம்.

முதுகுக் கொழுப்பு வெள்ளையாக, அழுத்தினால் கெட்டியாக இருக்கும். வயிற்றின் உள்ளே ஏடு ஏடாக இருக்கும் மென்கொழுப்பை வாங்காதீர்கள். நெய் உருக்க அது நன்றாக இருக்கும், சாசேஜில் நிற்காது. முதுகுக் கொழுப்பு கிடைக்காத நாளில் சாம் சான் என்று கடையில் சொல்லும் மூன்றடுக்கு வயிற்றுக்கறியைத் தோல் நீக்கிச் சேர்க்கலாம். அதில் ஏறக்குறைய பாதிதான் கொழுப்பு என்பதால், முதுகுக் கொழுப்பைப்போல் இரண்டு மடங்கு போட்டு, அந்த அளவுக்குக் கறியைக் குறைக்க வேண்டும்.

கொழுப்பைக் கறியோடு சேர்த்து அரைக்கச் சொல்லாமல், தனித் துண்டாக வாங்கி வருவது மேல். பாதி உறைந்த நிலையில் கூரிய கத்தியால் பச்சைப் பயறு அளவுக்கு வெட்டுங்கள். கடை இயந்திரம் காலையிலிருந்து ஓடிச் சூடேறியிருக்கும், கொழுப்பை அது வெட்டாமல் நசுக்கும். கையால் வெட்டிய கொழுப்பு வெந்த பிறகும் வெள்ளை மணிகளாகத் தனித்துத் தெரியும்; சாசேஜைக் குறுக்கே நறுக்கிப் பார்த்தால் வேலை ஒழுங்காக நடந்ததா என்பதை அந்த மணிகளே சொல்லும்.

வாங்கி வந்த கொத்துக்கறியின் உள்பக்கம் கொஞ்சம் சாம்பல் நிறமாக இருந்தால் பயப்பட வேண்டாம், காற்றுப் படாததால் வரும் நிறம் அது. தொட்டால் வழவழத்து, மூக்குக்குப் புளித்த வாடை வந்தால் மட்டும் தூக்கி எறிந்துவிடுங்கள்.

குளிர வைப்பது

கொத்துக்கறியைப் பெரிய தட்டில் இரண்டு சென்டிமீட்டர் கனத்துக்கு மேல் போகாமல் பரப்பி உறைபெட்டியில் வையுங்கள். உருண்டையாக வைத்தால் ஓரம் கல்லாகும், நடு வெதுவெதுப்பாகவே கிடக்கும். 30 முதல் 45 நிமிடத்தில் ஓரங்கள் விறைத்து, நடுவில் விரல் வைத்தால் சில்லென்று வலிக்கும் நிலை வரும். அப்போது கறி 0 டிகிரியை ஒட்டி இருக்கும். ஒற்றைக் கதவு ஐஸ் பெட்டியின் உறைபெட்டி அவ்வளவு வேகமாகக் குளிராது. அதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கலாம். பிசையும் மங்கு (கிண்ணம்), அகப்பை, கொழுப்புத் துண்டுகள், மசாலாத் தட்டு எல்லாவற்றையும் அதே பெட்டியில் வையுங்கள். எவர்சில்வர் மங்குதான் நல்லது, பிளாஸ்டிக்கைவிடச் சீக்கிரம் குளிர்ந்துவிடும்.

கறியில் குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்று வாங்கிவிடுங்கள். பெரிய விலையில்லை, கேக் சாமான் கடையில் கிடைக்கும். அங்கேயே கிராம் காட்டும் சின்னத் தராசும் கிடைக்கும். பிசையும் நேரம் முழுக்கக் கறி 12 டிகிரியைத் தாண்டக்கூடாது. தாண்டினால் வேலையை அப்படியே நிறுத்தி, மங்கோடு 15 நிமிடம் உறைபெட்டியில் வைத்துத் தொடருங்கள். மின்விசிறிக்குக் கீழே நின்று செய்வதால் உங்களுக்கு வியர்க்காது, கறிக்கு அதனால் ஒரு பயனுமில்லை.

உப்பு

ஒரு கிலோ கலவைக்கு 16 கிராம். 14-க்குக் கீழே போனால் ருசி குறைவது மட்டுமல்ல, புரதம் போதுமான அளவு கரையாமல் சாசேஜ் பிடிப்பே இல்லாமல் போகும். 18-ஐத் தாண்டினால் கரிக்கும். தராசு இல்லையென்றால் பொடியுப்பில் தலை தட்டிய தேக்கரண்டி ஏறக்குறைய 6 கிராம். இரண்டே முக்கால் கரண்டி போடுங்கள். கல்லுப்பைக் கரண்டியால் அளக்காதீர்கள், கல்லின் அளவுக்கேற்ப எடை மாறும். இடித்து, எடை பார்த்துப் போடலாம்.

சோயா, மீன் சாஸ் சேர்க்கும் கலவைகளில் அவற்றின் உப்பையும் கணக்கில் எடுத்துத்தான் கீழே அளவு கொடுத்திருக்கிறோம். அதனால் ‘இன்னும் கொஞ்சம்’ என்று கை நீள வேண்டாம்.

மசாலா

ஒரு விஷயத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் மசாலாவில் தவறு வராது. பெரட்டலில் மசாலா முக்கால் மணி நேரம் எண்ணெயில் வதங்குகிறது. சாசேஜின் உள்ளே அது இருபது நிமிடம், அதுவும் எண்பது டிகிரிக்குக் கீழே, ஈரத்தில் கிடக்கிறது. பச்சை மல்லித்தூளும் மிளகாய்த்தூளும் அந்தச் சூட்டில் வாடை போகாது. கடையில் வாங்கும் இறைச்சி மசாலாத்தூளை அப்படியே கொட்டிச் செய்த சாசேஜ் முழுக்கப் பச்சை வாடையடிப்பதற்கு இதுவே காரணம். முழுப் பொருளை வறுத்துப் பொடியுங்கள். கடைத்தூள்தான் இருக்கிறது என்றால் இரண்டு கரண்டி எண்ணெயில் சிறு தீயில் மணம் மாறும் வரை வதக்கி, முற்றிலும் ஆறவிட்டுச் சேருங்கள்.

அடுத்தது ஈரம். பச்சை வெங்காயம் தண்ணீர் விடும், கலவையைத் தளர்த்தும், சீக்கிரம் புளிக்கவும் வைக்கும். பொடியாக நறுக்கி, நிறம் மாறி ஈரம் வற்றும் வரை வதக்கி, ஐஸ் பெட்டியில் குளிர வைத்த பிறகே சேர்க்கலாம். பூண்டு பச்சையாகவே போகலாம். இஞ்சியில் மட்டும் கவனம்: புரதத்தை உடைக்கும் நொதி பச்சை இஞ்சியில் இருக்கிறது. முற்றின ஆட்டுக்கறியை மிருதுவாக்குவது அதுதான். சாசேஜில் ஓர் இரவு கிடந்தால் நாம் பாடுபட்டு உண்டாக்கிய பிடிப்பையே கரைத்துக் களியாக்கிவிடும். இஞ்சியை வெங்காயத்தோடு சேர்த்து வதக்கிவிடுங்கள், அல்லது சுக்குத்தூள் போடுங்கள். பப்பாளி, அன்னாசி சங்கதியும் இதேதான்.

எலுமிச்சைச் சாறு, புளி, வினிகர் எதையும் கலவையில் ஊற்ற வேண்டாம். புளிப்பு புரதத்தை முன்கூட்டியே இறுக்கி, உதிரும் சாசேஜாக்கிவிடும். புளிப்பு வேண்டுமென்றால் சாப்பிடும்போது மேலே பிழிந்துகொள்ளுங்கள்.

இனி மூன்று கலவைகள். எல்லாம் ஒரு கிலோ கறியும் கொழுப்பும் சேர்ந்த அளவுக்கு.

மிளகு சோம்புக் கலவை: உப்பு 16 கிராம், சர்க்கரை 4 கிராம், மிளகு 5 கிராம், சோம்பு 4 கிராம், மல்லி 5 கிராம், சீரகம் 2 கிராம், காய்ந்த மிளகாய் 4 கிராம், மஞ்சள்தூள் 1 கிராம், பூண்டு 12 கிராம், சின்ன வெங்காயம் 60 கிராம், இஞ்சி 8 கிராம், கறிவேப்பிலை இரண்டு கொத்து, ஐஸ் தண்ணீர் 80 மில்லி. மல்லி, சீரகம், மிளகாய் மூன்றையும் நன்றாக வறுத்து நைசாகப் பொடியுங்கள். மிளகையும் சோம்பையும் லேசாகச் சூடு காட்டி ஒன்றிரண்டாக இடியுங்கள், கடிபட வேண்டும். மஞ்சள்தூளை வெங்காயத்தோடு வதக்கிக்கொள்ளலாம். கறிவேப்பிலையை எண்ணெயில் மொறுமொறுப்பாகப் பொரித்துக் கையால் நொறுக்கிச் சேர்க்க வேண்டும். பச்சையாகப் போட்டால் தோல்போல் நாக்கில் ஒட்டும். முதல் தடவை செய்கிறவர்களுக்கு இந்தக் கலவையைத்தான் சொல்வோம். பெரட்டல் பழகிய நாக்குக்கு நெருக்கமானது, அளவில் சிறிது முன்பின் ஆனாலும் தாங்கும்.

செராய்க் கலவை: உப்பு 13 கிராம், மீன் சாஸ் 15 மில்லி, சர்க்கரை 10 கிராம், வெள்ளை மிளகு 3 கிராம், பூண்டு 10 கிராம், செராய் (எலுமிச்சைப்புல்) 30 கிராம், லிமாவ் புரூட் (காஃபிர் எலுமிச்சை) இலை 6, சிலி பாடி (சின்னக் கார மிளகாய்) 6 முதல் 8, ஐஸ் தண்ணீர் 65 மில்லி. செராயில் அடிப்பக்கத்து வெள்ளைப் பகுதி, அதிலும் வெளி மடல் இரண்டை உரித்த பிறகு உள்ள இளங்குருத்து மட்டும்தான் உதவும். அதைக் குறுக்கே மெல்லிசாக அரிந்து, பிறகு உரலில் இடிக்க வேண்டும். நேரே இடித்தால் நார் நாராகக் கிழிந்து தொண்டையில் குத்தும். லிமாவ் இலையின் நடு நரம்பைக் கிழித்தெறிந்துவிட்டு, இலைகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருட்டி முடிபோல் அரியுங்கள். நரம்போடு போட்டால் கசப்புத் தட்டும். கரி அடுப்பில் சுடுவதற்கு இந்தக் கலவைக்கு ஈடில்லை.

இனிப்புச் சோயாக் கலவை: உப்பு 13 கிராம், சோயா சாஸ் 20 மில்லி, சர்க்கரை 25 கிராம், சீனர்களின் ஐந்து மசாலாத்தூள் 3 கிராம், வெள்ளை மிளகு 2 கிராம், பூண்டு 8 கிராம், ஐஸ் தண்ணீர் 60 மில்லி. பிள்ளைகளுக்குப் பிடிக்கும். சர்க்கரை அதிகம் என்பதால் சட்டியில் சீக்கிரம் கருகும், தீயைக் குறைத்தே வையுங்கள். சீனர் கடைகளில் தொங்கும் உலர்ந்த சாசேஜான லாப் சியோங் மாதிரி இதை வெயிலில் காயப்போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. அதற்கான அளவில் நைட்ரைட் உப்பு சேர்த்து, காற்றின் ஈரத்தைக் கட்டுப்படுத்திச் செய்யும் வேலை அது. நம் ஊர் ஈரக்காற்றில் சும்மா தொங்கவிட்டால் உலர்வதற்கு முன்னே கெட்டுவிடும். குறைந்த சூட்டில் மணிக்கணக்கில் புகை போடுவதற்கும் இதே தடை: குடலுக்குள் காற்றுப் படாது, சூடு வெதுவெதுப்பாக இருக்கும், பொட்டுலிசம் நச்சை உண்டாக்கும் கிருமி வளர அது தோதான இடம். இங்கே சொல்வதெல்லாம் உடனே வேகவைத்துச் சாப்பிடும் சாசேஜ் மட்டுமே.

பிசைவது

எல்லாவற்றிலும் முக்கியமான ஐந்து நிமிடம் இது. குளிர்ந்த மங்கில் கொத்துக்கறியைப் போட்டு, உப்பையும் சர்க்கரையையும், சாஸ் உண்டென்றால் அதையும் முதலில் சேருங்கள். மசாலாவும் கொழுப்பும் இன்னும் வேண்டாம். மர அகப்பையாலோ, கேக் அடிக்கும் இயந்திரத்தின் தட்டைத் துடுப்பாலோ மெதுவான வேகத்தில் இரண்டு நிமிடம் பிசையுங்கள். கையால் செய்வதானால் மெல்லிய துணிக் கையுறைமேல் ரப்பர் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். உடம்புச் சூடு 37 டிகிரி, அது நேரே கறியில் இறங்கும்.

தொடக்கத்தில் கறித் துணுக்குகள் தனித்தனியாகப் புழுப்போல் தெரியும். ஒரு நிமிடத்துக்குப் பிறகு ஓரங்கள் மங்கி ஒன்றோடொன்று சேரும். மங்கின் பக்கத்தில் வெண்மையான பசை படியத் தொடங்கும். அப்போது ஐஸ் தண்ணீரை மூன்று பங்காக விடுங்கள். ஒரு பங்கு முழுக்க உறிஞ்சிய பிறகுதான் அடுத்தது. மூன்றாவதும் உள்ளே போனபின் மசாலாவைத் தூவி, கடைசியாகக் கொழுப்பு மணிகளைப் போட்டு, அவை சமமாகப் பரவும் வரை மட்டும் கலக்குங்கள்.

போதுமா என்று பார்க்க ஒரு சோதனை: எலுமிச்சை அளவு எடுத்து உள்ளங்கையில் அழுத்திக் கையைத் தலைகீழாகக் கவிழுங்கள். விழாமல் பத்து விநாடி ஒட்டிக்கொண்டிருந்தால் சரி. விழுந்தால் இன்னும் ஒரு நிமிடம் பிசைய வேண்டும். உருண்டையைப் பிய்த்தால் நடுவில் மெல்லிய இழைகள் இழுபடும். கை வழவழவென்று எண்ணெய்ப் பூச்சாகி, பசையே இல்லாமல் இருந்தால் கொழுப்பு குழைந்துவிட்டது என்று அர்த்தம். அதை மீட்க வழியில்லை. அந்தக் கறியை உருண்டை பிடித்துக் குழம்பில் போட்டுவிடுங்கள், சாசேஜாக்க முயன்று குடலையும் வீணாக்க வேண்டாம். அளவுக்கு மீறிப் பிசைவதும் கெடுதல்தான்: ஏழெட்டு நிமிடம் அடித்தால் மீன் உருண்டைபோல் துள்ளும், கறியின் தன்மை போய்விடும்.

மீதியை ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டு, ஒரு கரண்டி எடுத்துத் தட்டையாக்கிச் சட்டியில் முழுக்க வேகவிட்டு ருசி பாருங்கள். பச்சைக் கலவையை நாக்கில் வைக்கவே கூடாது. சூடாக இருக்கும்போது உப்பு கொஞ்சம் குறைவாகத் தெரியும், ஆறவிட்டு முடிவு செய்யுங்கள்.

குடலில் அடைப்பது

பாசாரில் பச்சைக் குடல் கிடைக்கும். அதைச் சாசேஜுக்கு ஆக்க உள் சவ்வைக் கிழியாமல் சுரண்டி எடுக்க வேண்டும், அது பழகிய கைக்கே அரை நாள் வேலை. சுத்தம் செய்து உப்பில் போட்ட குடல் பொட்டலமாகக் கிடைக்கிறது. 30 முதல் 32 மில்லிமீட்டர் அகலம் கேளுங்கள். ஒரு கிலோவுக்கு இரண்டு மீட்டர் பிடிக்கும், கிழிந்தால் கைகாவலாக இரண்டரை மீட்டர் எடுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் 30 முதல் 60 நிமிடம் ஊறவைத்து, ஒரு முனையைப் பீலியில் (தண்ணீர்க் குழாயில்) மாட்டி உள்ளே தண்ணீரை ஓடவிடுங்கள். ஓட்டை இருந்தால் அப்போதே பீறிட்டுக் காட்டிவிடும், அந்த இடத்தில் வெட்டிவிடலாம். மிஞ்சிய குடலை நிறைய உப்பில் புரட்டி மூடி ஐஸ் பெட்டியில் வைத்தால் பல மாதம் நிற்கும்.

பிசைந்தவுடனே அடைத்துவிடுங்கள். உப்புப் போட்ட கலவை ஓர் இரவு இருந்தால் விறைத்துக்கொள்ளும், பிறகு குழாயில் தள்ளுவது பெரும்பாடு, காற்றும் புகும். அடைக்கும் இயந்திரம் இல்லாவிட்டால் கேக்கில் கிரீம் பிழியும் தடித்த பையில் பெரிய குழல்முனை மாட்டிச் செய்யலாம். ஒருவர் பையை அழுத்த, இன்னொருவர் குடலைப் பிடிக்க வேண்டும். கறி அரைக்கும் இயந்திரத்தின் திருகோடு குழாய் மாட்டி அடைப்பதும் நடக்கும், ஆனால் அந்தத் திருகு கறியை மறுபடி நசுக்கிச் சூடாக்கும். வேறு வழியில்லாதபோது மட்டும்.

குடலை முழுக் குழாயிலும் ஏற்றி, முதலில் சிறிது கறி எட்டிப் பார்த்ததும் நிறுத்தி முடிச்சுப் போடுங்கள். அப்போது காற்று வெளியே போயிருக்கும். இறுக்கி அடைக்க வேண்டாம். விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும்; பிறகு முறுக்கும்போதுதான் அது இறுகும். 12 சென்டிமீட்டருக்கு ஒரு முறை கிள்ளி, ஒன்றை முன்பக்கமாகவும் அடுத்ததைப் பின்பக்கமாகவும் மும்மூன்று சுற்று முறுக்குங்கள். ஒரே பக்கமாக முறுக்கினால் முன்னது அவிழும். காற்றுக் குமிழி தெரியும் இடத்தில் தையல் ஊசியைச் சூடு காட்டிக் குத்துங்கள்.

இப்போது அவசரப்படாமல், கம்பித் தட்டில் ஒன்றையொன்று தொடாமல் அடுக்கி, மூடாமல் ஐஸ் பெட்டியில் ஓர் இரவு வையுங்கள். தோல் உலர்ந்து கறியோடு ஒட்டிக்கொள்ளும், மசாலாவும் ஊறும். வெளியே கொடியில் தொங்கவிடும் வேலை நம் ஊரில் ஆகாது.

குடல் வேண்டாம் என்பவர்களுக்கு வாழையிலை இருக்கிறது. இலையை நெருப்பில் வாட்டி, உள்பக்கம் எண்ணெய் தடவி, கலவையை மூன்று சென்டிமீட்டர் கனத்தில் நீளமாக வைத்து இறுக்கச் சுருட்டி, இரு முனையையும் வாழை நாரால் கட்டி 20 நிமிடம் ஆவியில் வையுங்கள். ஆறிய பிறகு பிரித்துச் சட்டியில் புரட்டலாம். செராய்க் கலவைக்கு இந்த முறை குடலைவிட நன்றாக அமையும், இலை மணம் அதோடு சேர்ந்துகொள்ளும்.

வேகவைப்பது

உள்ளே 71 டிகிரி வர வேண்டும். அரைத்த பன்றிக்கறிக்கு இதில் விட்டுக்கொடுப்பே கிடையாது, ஏனெனில் துண்டுக் கறியில் மேல்பக்கம் மட்டும் இருக்கும் கிருமி அரைக்கும்போது நடுவரைக்கும் போய்விடுகிறது. நிறத்தைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. மிளகாயும் சோயாவும் கண்ணை ஏமாற்றும். முனை வழியாக வெப்பமானியை நீளவாக்கில் நுழைத்துப் பாருங்கள்.

நல்ல முறை இதுதான்: அகலமான சட்டியில் தண்ணீரை 80 டிகிரிக்குச் சூடாக்குங்கள். அடியில் சின்னக் குமிழிகள் இருக்கும், மேலே கொதிக்காது. சாசேஜைப் போட்டு 20 முதல் 25 நிமிடம் அந்தச் சூட்டிலேயே வையுங்கள். தளதளவென்று கொதிக்கவிட்டால் உள்ளே இருக்கும் புரதம் சட்டென்று சுருங்கி, கொழுப்பைப் பிழிந்து தள்ளும், தோலும் வெடிக்கும். எடுத்து ஈரம் துடைத்துக் குவாலியில் (வாணலியில்) ஒரு கரண்டி எண்ணெயில் நடுத்தரத் தீயில் புரட்டினால் நாலு நிமிடத்தில் பொன்னிறமாகும். கரி அடுப்பானாலும் தண்ணீரில் வெந்த பிறகு சுடுவதே பாதுகாப்பு. பச்சையாக வைத்தால் வெளியே கருகும்போது உள்ளே பாதிதான் வெந்திருக்கும்.

சட்டியில் வெடித்தால் சூடு அதிகம், அல்லது இறுக்கி அடைத்திருக்கிறீர்கள். நறுக்கும்போது உதிர்ந்தால் பிசைந்தது போதவில்லை, அல்லது கறி சூடாகிவிட்டது. எண்ணெய் தேங்கி, சாசேஜ் சுருங்கி, மேலே தோல் மட்டும் தொளதொளவென்று நின்றால் கொழுப்பு குழைந்திருக்கிறது. வறண்டு மரக்கட்டையாக இருந்தால் கொழுப்போ தண்ணீரோ குறைவு. அடுத்த முறை தண்ணீரை 100 மில்லி வரை கூட்டி, 20 கிராம் பால்மாவும் சேர்த்துப் பாருங்கள், அது ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். களிபோல் நசுங்கினால் பச்சை இஞ்சியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

வைத்திருப்பது, சுத்தம்

பச்சைக் கறி ஐஸ் பெட்டிக்கு வெளியே மொத்தமாக இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது. 32 டிகிரிக்கு மேல் போகும் நாளில் ஒரு மணி நேரம்தான். வாங்கிய நேரம், வெட்டிய நேரம், அடைத்த நேரம் எல்லாம் இதில் சேரும். ஆகவே இரண்டு கிலோவுக்கு மேல் செய்வதென்றால் பாதியை உள்ளே வைத்துப் பாதியைச் செய்யுங்கள். பச்சைச் சாசேஜ் ஐஸ் பெட்டியில் இரண்டு நாள், வெந்தது மூன்று நான்கு நாள். அதற்கு மேல் வேண்டுமானால் தட்டில் தனித்தனியாக உறைய வைத்து, பிறகு ஒரே பையில் காற்றில்லாமல் கட்டினால் இரண்டு மாதம் ருசி குறையாது. உருக்குவது கீழ்த்தட்டில் ஓர் இரவு வைத்துத்தான், கழுவுதொட்டியில் அல்ல. மின்சாரம் போய் நெடுநேரம் வராத நாளில் முழுக்க இளகி வெதுவெதுப்பாகிவிட்டதை மறுபடி உறைய வைக்காதீர்கள்.

பலகை, கத்தி, இயந்திரம் எல்லாவற்றையும் முதலில் சோப்பும் சுடுதண்ணீரும் போட்டுக் கழுவி, பிறகு நல்ல கொதிநீரை ஊற்றி, வெயிலில் காயவிடுங்கள். இந்த வேலைக்கென்று தனிப் பலகையும் தனி மங்கும் வைத்துக்கொள்வது நல்லது. பன்றிக்கறி உண்ணாத மலாய் நண்பர்கள் வந்து சாப்பிடும் வீட்டில் அது அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை. பக்கத்து வீட்டு அரைவை இயந்திரத்தை இரவல் வாங்கும்போது எதற்கு என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள்.

காட்டுப்பன்றி கிடைத்தால்

செம்பனைத் தோட்டங்களைச் சுற்றி இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி வராமல் இருக்காது. வேட்டைக்கு வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் உரிமம் வேண்டும். உரிமம் உள்ளவரிடமிருந்து வந்த கறியா என்று கேட்டு வாங்குங்கள். அந்தக் கறியில் கொழுப்பு மிகக் குறைவு, இருப்பதும் கவிச்சியடிக்கும். அதனால் தன் கொழுப்பை முழுக்க நீக்கிவிட்டு, 700 கிராம் கறிக்கு 300 கிராம் வீட்டுப்பன்றி முதுகுக் கொழுப்பு சேருங்கள். மிளகு சோம்புக் கலவையில் மிளகை 7 கிராமாகக் கூட்டலாம்.

உறைய வைத்தால் கறியிலுள்ள புழு செத்துவிடும் என்று நம்பிப் பாதி வேக்காட்டில் எடுப்பவர்கள் உண்டு. திரிக்கினெல்லா புழுவில் காட்டு விலங்குகளில் காணப்படும் சில வகைகள் உறைபனியையும் தாங்கும். ஆகவே காட்டுப்பன்றிச் சாசேஜில் ஒவ்வொன்றிலும் வெப்பமானியைக் குத்தி 71 டிகிரியைப் பார்த்த பிறகே தட்டில் வையுங்கள். பச்சைக் கலவையைத் தொட்ட கையோடு வேறு எதையும் தொடாதீர்கள்.